மரபணு எங்கே முடிகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி. மரபணு என்றால் என்ன? ‘ஒரு புரதத்தை உருவாக்கும் செய்தியைக் கொண்ட டி.என்.ஏ. துண்டு’ என்று எழுதினால் முழு மதிப்பெண். கல்லூரியில் மரபியல் நடத்துகிறவன் என்பதால் இந்த வரி ஒவ்வோர் ஆண்டும் புதிய கையெழுத்துகளில் என் மேசைக்கு வந்து சேரும். நானும் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன். விடையில் பிழை இல்லை. ஆனால் உண்மையான ஒரு மரபணுவை எடுத்து, இதன் முதல் எழுத்து எது, கடைசி எழுத்து எது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால், எழுதிய மாணவரும் விழிப்பார், டிக் போட்ட ஆசிரியரும் விழிப்பார்.

இந்தச் சிக்கல் புதிதன்று. ‘ஜீன்’ என்ற சொல்லை 1909-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். அவரளவுக்கு நேர்மையாக இதைக் கையாண்டவர்கள் குறைவு என்பது என் எண்ணம். காரணம், அவர் வரையறை எதுவும் தரவில்லை. மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்குகளைப் பார்த்தால், ஏதோ ஒன்று தலைமுறை தாண்டிக் கலப்படம் ஆகாமல் போய்ச் சேருகிறது என்பது தெளிவு. அது என்ன பொருள், செல்லில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த உருவம் என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. எனவே எந்தக் கருதுகோளும் ஏற்றப்படாத சின்னச் சொல் ஒன்று போதும் என்றார். கணக்குக்கு ஒரு பெயர், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே அந்தப் பெயருக்கு ஓர் இருப்பிடம் கிடைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் வளர்த்த சிவப்புக் கண் பழ ஈக்களுக்கிடையே 1910-இல் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ தோன்றியது. அந்த வெள்ளைக் கண், எக்ஸ் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டே தலைமுறைகளில் பயணம் செய்வதை அவர் கண்டார். அவரிடம் இளங்கலை படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டவன்ட், வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே இரவில், எக்ஸ் குரோமோசோமில் எந்த மரபணுவுக்கு அடுத்து எந்த மரபணு என்று ஒரு வரைபடம் போட்டார். 1913-இல் அச்சான அதுதான் உலகின் முதல் மரபணு வரைபடம்.

இவ்வளவுக்குப் பிறகும் மார்கன் அவசரப்படவில்லை. நோபல் பரிசு வாங்கி, 1934-இல் ஸ்டாக்ஹோமில் உரையாற்றும்போது, மரபணுக்கள் நிஜமா கற்பனையா என்பதில் மரபியலாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்று சொன்னார். அது பொருளாலான துகளோ வெறும் கருதுகோளோ, சோதனை முடிவுகளில் இம்மியளவும் வேறுபாடு வராது என்பது அவர் வாதம். மரபணு ஆய்வுக்காகப் பரிசு வாங்கிய மேடையில் இப்படிப் பேச ஒரு துணிச்சல் வேண்டும்.

அவர் அப்படிச் சொன்னதற்கு நியாயம் இருக்கிறது. அந்த ஈயின் மரபணுவுக்கு இன்றுவரை ‘வெள்ளை’ என்றுதான் பெயர். ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் ‘வெள்ளை’ மரபணு தருவது சிவப்புக் கண்ணை. கண் நிறமிகளுக்கான மூலப்பொருள்களைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்துக்கான செய்தி அதில் இருக்கிறது. கெட்டால் கண் வெளுக்கும். கெட்டபோதுதான் அப்படியொன்று இருப்பதே தெரிந்தது, கெட்டதன் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மெண்டலும் மார்கனும் பார்த்தது இரண்டு உயிர்களுக்கிடையே உள்ள ஒரு வேறுபாட்டை மட்டுமே. அந்தப் பொருள் நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘அவர்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் மரபணு இருக்கிறது’ என்று சொல்கிறவர்கள், மற்ற குடும்பங்களில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று நினைப்பதில்லை. எல்லாரிடமும் இருக்கும் ஒன்றின் வேறு வடிவத்தைத்தான் சொல்கிறார்கள்.

1941-இல் ஜார்ஜ் பீடிலும் எட்வர்ட் டேட்டமும் ரொட்டிப் பூஞ்சையில் ஒரு மரபணு கெட்டால் ஒரு நொதி கெடுகிறது என்று காட்டினார்கள். 1944-இல் ஆஸ்வால்ட் ஏவரியின் குழு, மரபுப் பொருள் டி.என்.ஏ.தான் என்பதற்கு முதல் வலுவான ஆதாரத்தைத் தந்தது. 1953-இல் இரட்டைச் சுருள் வந்தது. இந்த மூன்றும் எல்லாப் புத்தகங்களிலும் இருப்பதால் தாண்டிப் போகிறேன். எனக்கு நிற்கத் தோன்றுவது அடுத்த ஆளிடம்.

செமூர் பென்சர் இயற்பியலாளர். ஜெர்மானியம் குறைக்கடத்தியில் ஆய்வு செய்துவிட்டு உயிரியலுக்குத் தாவியவர். 1950-களில், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், மரபணு என்பது பிரிக்க முடியாத மணி என்ற அன்றைய எண்ணத்தை உடைத்துப் பார்க்க முடிவு செய்தார். கையில் எடுத்தது ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸை. பெட்ரி தட்டில் பாக்டீரியா மங்கலான படலமாகப் படர்ந்திருக்கும். வைரஸ் அதைக் கொன்ற இடத்தில் ஒரு தெளிந்த வட்டம் விழும். சாதாரண வைரஸ் விழச் செய்யும் வட்டம் சிறியது, ஓரம் கலங்கலாக இருக்கும். ‘ஆர்2’ என்ற பகுதியில் சடுதிமாற்றம் கண்ட வைரஸின் வட்டம் பெரியது, ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். வெறுங்கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். இதைவிட முக்கியமான செய்தி, கே என்ற இன்னொரு பாக்டீரியா வகையில் இந்த ஆர்2 வைரஸ்கள் வளரவே மாட்டா.

பென்சரின் கெட்டிக்காரத்தனம் இந்த ‘வளரவே மாட்டா’ என்பதில்தான் இருக்கிறது. இரண்டு வெவ்வேறு ஆர்2 வைரஸ்களை, இரண்டும் வளரக்கூடிய பாக்டீரியாவில் ஒன்றாக விடுகிறார். அவற்றின் டி.என்.ஏ.க்கள் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்றின் நல்ல பாதியும் மற்றதன் நல்ல பாதியும் சேர்ந்தால் கோளாறில்லாத வைரஸ் ஒன்று பிறக்கும். அப்படிப் பிறப்பது அரிது. ஆனால் வாரிசுகளை அள்ளி கே வகை பாக்டீரியாமேல் ஊற்றினால், பல லட்சத்தில் ஒன்று இருந்தாலும் அது மட்டும் வளர்ந்து வட்டம் விழுத்திக் காட்டிக்கொடுத்துவிடும். ஈக்களை வைத்துக்கொண்டு இத்தனை வாரிசுகளைப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. இந்த வழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சடுதிமாற்றங்களை அவர் ஒரே சிறு பகுதிக்குள் வரிசைப்படுத்தினார். மரபணுவுக்கு உள்ளேயே நூற்றுக்கணக்கான இடங்கள் இருந்தன. மணி உடைந்துவிட்டது.

அப்படியானால் எதைத்தான் ஓர் அலகு என்பது? அதற்கு அவர் செய்த சோதனை இன்னும் எளியது. இரண்டு கெட்ட வைரஸ்களை ஒரே நேரத்தில் கே வகை பாக்டீரியாவுக்குள் விட்டுப் பார். ஒன்று மற்றதன் குறையை நிரப்பி இரண்டும் பிழைத்தால், அவை கெட்டது வெவ்வேறு அலகுகளில். நிரப்பாமல் இரண்டும் செத்தால், கெட்டது ஒரே அலகு. ஆர்2 பகுதி இந்தச் சோதனையில் இரண்டாகப் பிரிந்தது. செயலின் அலகுக்கு ‘சிஸ்ட்ரான்’, மாற்றத்தின் அலகுக்கு ‘மியூட்டான்’, பரிமாற்றத்தின் அலகுக்கு ‘ரீகான்’ என்று மூன்று பெயர்கள் வைத்தார். கடைசி இரண்டும் செத்துவிட்டன. சிஸ்ட்ரான் மட்டும் நம் பாடப்புத்தகங்களில், எங்கிருந்து வந்தது என்ற கதை இல்லாமல், ‘ஒரு பாலிபெப்டைடுக்கான டி.என்.ஏ. பகுதி’ என்று உட்கார்ந்திருக்கிறது. மாணவர்கள் அதை வெறுப்பதில் வியப்பில்லை. இந்தப் பெட்ரி தட்டைக் காட்டாமல் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுப்பது வீண் வேலை.

பென்சர் செய்ததன் அடிநாதம் இது: மரபணு எது என்று அவர் கேட்கவில்லை, எந்தச் சோதனையைச் செய்தால் எந்த அலகு கிடைக்கிறது என்று கேட்டார். வெவ்வேறு கேள்விக்கு வெவ்வேறு அளவில் துண்டு வந்தது. அதற்குப் பின் வந்த தலைவலிகள் எல்லாவற்றுக்கும் விடை அங்கேயே இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அது தேவைப்படவில்லை. மரபுக் குறியீட்டை 1960-களில் படித்து முடித்தார்கள். டி.என்.ஏ.யின் ஏ, டி, ஜி, சி என்ற வேதி எழுத்துகளில் மூன்றுக்கு, புரதத்தின் ஓர் அமினோ அமிலம், டி.என்.ஏ.யின் வரிசையும் புரதத்தின் வரிசையும் ஒன்றுக்கொன்று நேராக ஓடுகின்றன. பாக்டீரியாவைப் பொறுத்தவரை நம் இரண்டு மதிப்பெண் விடை கச்சிதமாகப் பொருந்தியது.

1977-இல் அது குலைந்தது. எம்.ஐ.டி.யில் ஃபிலிப் ஷார்ப்பின் குழுவும், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் குழுவும் அடினோவைரஸின் ஆர்.என்.ஏ.யை, அதாவது டி.என்.ஏ.யிலிருந்து எடுக்கப்படும் செய்திப் படியை, அதன் டி.என்.ஏ.யோடு பொருத்தி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரண்டும் இழைக்கு இழை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. டி.என்.ஏ.யின் நீண்ட பகுதிகள் ஜோடி கிடைக்காமல் வளைவு வளைவாக வெளியே துருத்திக்கொண்டு நின்றன. படியெடுத்த ஆர்.என்.ஏ.யிலிருந்து நடுவில் உள்ள பகுதிகளைச் செல் வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டிக்கொள்கிறது என்பது அதன் பொருள். ஒட்டப்படுவதற்கு எக்ஸான், வெட்டப்படுவதற்கு இன்ட்ரான் என்று வால்டர் கில்பர்ட் 1978-இல் பெயர் வைத்தார். வைரஸின் விசித்திரம் என்று ஒதுக்கவும் வழியில்லை. 1977 முடிவதற்குள், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைத் தரும், முயலின் பீட்டா குளோபின் மரபணுவிலும் அதே இடைவெளி தென்பட்டது.

பீட்டா குளோபினைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. என் சித்தி மகள் கருவுற்றிருந்தபோது, வழக்கமான இரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் அளவில் சிறியவையாக இருப்பதைக் கண்ட மருத்துவர் மேல்பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். முடிவைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ‘எச்.பி.பி., சி.92+5 ஜி>சி, ஹெட்டரோசைகஸ்’ என்று ஒரே வரி. எச்.பி.பி. என்பது பீட்டா குளோபின் மரபணுவின் சுருக்கப்பெயர். அவள், ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை இரத்தச் சோகையான பீட்டா தலசீமியாவின் கேரியர். அவளுக்கு நோய் இல்லை. கணவருக்கும் இதே போல் இருந்தால்தான் குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. அவருக்குப் பரிசோதித்ததில் ஒன்றும் இல்லை என்று வந்து எல்லாரும் மூச்சு விட்டோம். ஆனால் அதற்கு முன் அவள் கேட்ட கேள்வி என்னை மடக்கியது.

“அண்ணா, மரபணுவில் கோளாறு என்கிறார்கள். புரதத்துக்கான எழுத்தில் ஒன்றுகூட மாறவில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்?”

அந்தக் கூட்டல் குறியில்தான் விடை இருக்கிறது. பதினோராவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணு, படியெடுக்கப்படும் அளவில் சுமார் 1,600 எழுத்து நீளம். அதில் புரதத்தைச் சொல்லும் எழுத்துகள், முற்றுப்புள்ளிக் குறியீட்டையும் சேர்த்து, 444. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இடையில் இரண்டு இன்ட்ரான்கள். முதலாவது 130 எழுத்து, இரண்டாவது 850. புரத எழுத்துகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தால், முதல் எக்ஸானின் கடைசி எழுத்து 92-ஆவது. +5 என்றால் அதைத் தாண்டி இன்ட்ரானுக்குள் ஐந்தாவது எழுத்து. அங்கே ஜி இருக்க வேண்டும். அவளுடைய இரண்டு பிரதிகளில் ஒன்றில் சி இருக்கிறது.

இன்ட்ரான்தான் எப்படியும் குப்பைக்குப் போகிறதே, அதில் ஓர் எழுத்து மாறினால் என்ன? எங்கே வெட்ட வேண்டும் என்பதைச் செல்லின் வெட்டும் கருவி, இன்ட்ரானின் முதல் சில எழுத்துகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஐந்தாவது எழுத்து மாறியதும் அடையாளம் மங்குகிறது. கருவி தடுமாறி, பக்கத்தில் இதைப் போலத் தோற்றமளிக்கும் வேறு இடங்களில் வெட்டிவிடுகிறது. கிடைக்கும் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் பயனற்றது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவை உண்டாக்கும் மாற்றங்களில் மிகப் பரவலானது இந்த ஓர் எழுத்துதான். புரதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாத எழுத்து.

இதன் மறுபக்கமும் அதே மரபணுவில் இருக்கிறது. வங்காளத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் இ என்ற வகையில், 26-ஆவது குறியீடான ஜிஏஜி, ஏஏஜி ஆகிறது. குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வருகிறது. இது எக்ஸானுக்குள் நடக்கும், புரதத்தை மாற்றும் மாற்றம், பாடப்புத்தகத்துக்கு உகந்தது. ஆனால் அந்தப் புதிய ஏ, பக்கத்து எழுத்துகளோடு சேர்ந்து, வெட்டும் இடத்தின் அடையாளத்தைப் போலத் தோற்றம் காட்டத் தொடங்குகிறது. கருவி சில சமயம் அங்கேயும் வெட்டிவிடுகிறது. எனவே புரதம் மாறுவதோடு அதன் அளவும் குறைகிறது. ஒரே எழுத்துக்கு இரண்டு வேலைகள். இது புரதம் எழுதும் பகுதி, இது நிர்வாகப் பகுதி என்று கோடு கிழிக்க நினைத்தால் அந்த எழுத்தின் நடுவே கிழிக்க வேண்டியிருக்கும்.

சரி, இன்ட்ரானையும் சேர்த்துக்கொள்வோம். படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் பகுதி மரபணுவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கே ஏற்படும் சில மாற்றங்களும் தலசீமியாவைத் தரும் என்பதால் அதையும் சேர்ப்போம். இப்போதாவது முடிந்ததா? நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கதை 1983-இல் வெளியானது. அவர்களுடைய பீட்டா குளோபின் மரபணு எழுத்துக்கு எழுத்து நல்ல நிலையில் இருந்தது. அதைத் தனியே பிரித்தெடுத்து வேறு செல்லுக்குள் வைத்தால் ஒழுங்காக வேலையும் செய்தது. அவர்கள் உடலில் மட்டும் அது ஊமையாகக் கிடந்தது. அதற்கு முன்னால் சுமார் ஒரு லட்சம் எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. 50,000 எழுத்துகளுக்கும் மேல் தள்ளியிருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி அந்த அழிவில் போய்விட்டது என்பது பின்னால் புரிந்தது.

ஊர்ப்புறத்தில் நிலத்தகராறு பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பட்டாவில் உள்ள புல எண்படி வரப்புக்குள் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் தண்ணீர் வரும் வாய்க்கால் நாலு வயல் தள்ளி, வேறு ஆளின் நிலத்தில் ஓடும். அதை அவர் தூர்த்துவிட்டால் பட்டாவை வைத்துக்கொண்டு நாற்று நட முடியாது. வாய்க்காலை உன் நிலத்தோடு சேர்த்து எழுதவும் முடியாது, ஏனென்றால் அது மற்ற வயல்களுக்கும் போகிறது. பீட்டா குளோபினின் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதியும் அப்படியே. வரிசையாக உள்ள ஐந்து குளோபின் மரபணுக்களுக்கு அது பொது.

இன்னும் தூரத்து வாய்க்கால்களும் உண்டு. ஒரு விடியோ கேம் பாத்திரத்தின் பெயரைச் சுமக்கும் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற மரபணு, கருவில் கை உருவாகும்போது எந்த விரல் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. கட்டைவிரல் பக்கம் கூடுதலாக ஒரு விரலோடு பிறக்கும் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது, கோளாறு அந்த மரபணுவில் தென்படவில்லை. சுமார் பத்து லட்சம் எழுத்துகள் தள்ளி, ‘எல்.எம்.பி.ஆர்.1’ என்ற வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. முதலில் பழி அந்த வீட்டுக்காரர் மேல்தான் விழுந்தது. அவருக்கும் விரலுக்கும் சம்பந்தமில்லை, அவர் இன்ட்ரானுக்குள் குடியிருக்கும் ஒரு தூண்டும் பகுதி பத்து லட்சம் எழுத்துக்கு அப்பால் உள்ள சோனிக்கை இயக்குகிறது என்று பின்னர் தெளிவானது. அந்த எழுத்து எந்த மரபணுவுக்குச் சொந்தம்? இருக்கும் இடத்தைக் கேட்டால் ஒரு விடை, செய்யும் வேலையைக் கேட்டால் வேறு விடை.

எல்லைத் தகராறை விட்டுவிட்டு, ‘ஒரு புரதம்’ என்பதற்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். கல்லீரலில் அபோ பி என்ற புரதம் 4,536 அமினோ அமில நீளம். குடலில் அதே மரபணுவின் ஆர்.என்.ஏ.யில் ஒரு நொதி ஒரே எழுத்தைத் திருத்தி, நடுவிலேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. புரதம் 2,152-இல் நின்றுபோகிறது. டி.என்.ஏ.யை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த முற்றுப்புள்ளி அங்கே இல்லை. சி.டி.கே.என்.2ஏ என்ற மரபணுவில் ஒரே எக்ஸானை, ஓர் எழுத்து தள்ளித் தொடங்கி வேறு வாசிப்பில் படித்து, அமினோ அமில வரிசையில் ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத இரண்டு புரதங்கள் கிடைக்கின்றன. இரண்டுமே புற்றுநோயைத் தடுப்பவை. அது ஒரு மரபணுவா, இரண்டா? பென்சரின் சோதனையைச் செய்தால், எந்த இடத்தில் கெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

புரதமே வேண்டாம் என்கிற மரபணுக்களும் உள்ளன. புரதம் கட்டும் வேலையில் ஆர்.என்.ஏ.வாகவே பங்கேற்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ., டி-ஆர்.என்.ஏ. ஆகியவற்றை நெடுங்காலமாக விதிவிலக்கு என்று ஓரமாக உட்காரவைத்திருந்தோம். 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வகத்தில், புழுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ‘லின்-4’ என்ற மரபணுவைப் பிடித்தபோது, அதில் புரதத்துக்கான வழியே இல்லை. வேலை செய்தது 22 எழுத்து நீளமுள்ள ஒரு துளி ஆர்.என்.ஏ. புழுவின் வினோதம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2000-இல் கேரி ருவ்குனின் குழு கண்டறிந்த ‘லெட்-7’ மனிதன் உட்படப் பல விலங்குகளிலும் இருந்தது. இருவருக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது.

இப்படியிருக்க, மரபணுக்களை எண்ணுவது எப்படி? இதில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி ஒரு சூதாட்டம். மனித மரபணுத் தொகுதியின் வரைவு தயாராகிக்கொண்டிருந்த 2000-ஆம் ஆண்டில், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் கூடிய விஞ்ஞானிகளிடம் மனிதனுக்கு எத்தனை மரபணு என்று இவான் பிர்னி பந்தயம் வசூலித்தார். முதல் ஆண்டு ஒரு டாலர், அடுத்த ஆண்டு ஐந்து, அதற்கடுத்த ஆண்டு இருபது. விவரம் கூடக் கூடக் கட்டணமும் கூடியது. ஒரு லட்சத்துக்கு மேல் எழுதியவர்கள் உண்டு. பணம் என்று வந்துவிட்டால் வரையறை இல்லாமல் முடியாது அல்லவா? எனவே பந்தயத்துக்கென்று ஒரு விதி எழுதினார்கள்: ஒன்றோடொன்று தொடர்புடைய ஆர்.என்.ஏ. படிகளெல்லாம் சேர்ந்து ஒரு மரபணு, அவற்றில் குறைந்தது ஒன்றாவது புரதம் தர வேண்டும், ஆர்.என்.ஏ. மட்டும் தருபவை கணக்கில் வாரா. 2003-இல் வென்றவர்களில் ஒருவர் லீ ரோவன். அவர் எழுதிய 25,947-தான் பட்டியலிலேயே மிகக் குறைந்த எண். இன்றைய கணக்கில் அதுவும் அதிகம். புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000. இந்தியாவும் பங்கேற்ற நெல் மரபணுத் தொகுதித் திட்டம் 2005-இல் நெல்லுக்குச் சொன்ன எண் 37,544. தட்டில் இருக்கும் சோற்றுக்கு நம்மைவிட மரபணு அதிகம் என்று வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

வரையறை செய்யவும் ஆள் கூடினார்கள். அமெரிக்காவின் பெர்க்லியில் சுமார் 25 விஞ்ஞானிகள் ஏறக்குறைய இரண்டு நாள் மல்லுக்கட்டி ஒரு வாக்கியத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று 2006-இல் ‘நேச்சர்’ இதழ் எழுதியது. மரபணு என்பது மரபுவழி அலகு ஒன்றுக்கு ஒத்த, இடம் சுட்டக்கூடிய டி.என்.ஏ. பகுதி, கட்டுப்படுத்தும் பகுதிகள், படியெடுக்கப்படும் பகுதிகள், ஏனைய செயற்பகுதிகள் அதனோடு தொடர்புடையவை. இதுதான் அதன் சாரம். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற கவலை ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது. ‘தொடர்புடையவை’ என்பது உள்ளேயா வெளியேயா என்று கேட்டால் பதில் இல்லை. ஒருவேளை அதற்காகவே அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள்.

அடுத்த ஆண்டு, மார்க் கெர்ஸ்டைனும் அவரைச் சேர்ந்தவர்களும் எதிர்த் திசையிலிருந்து வந்தார்கள். விளைபொருளைப் பிடித்துக்கொள், அங்கிருந்து பின்னோக்கிப் போ என்றார்கள். ஒன்றோடொன்று பொருந்திப்போகும் விளைபொருள்களின் தொகுதிக்கு, அவை புரதமோ ஆர்.என்.ஏ.யோ, எந்தெந்த டி.என்.ஏ. வரிசைகள் குறியீடு தருகின்றனவோ அவற்றின் கூட்டே மரபணு. கட்டுப்பாட்டுப் பகுதிகள் இதில் சேரா. எனக்கு இது முந்தையதைவிடப் பிடிக்கும், ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால். ஆனால் என் தங்கையின் +5 இந்த வரையறைப்படி மரபணுவுக்கு வெளியே போய்விடுகிறது. மரபியல் ஆலோசகர் யாரும் அதை ஏற்கமாட்டார்.

நடைமுறையில் கணினிக் கோப்புகள்தான் தீர்ப்பெழுதுகின்றன. ஜென்கோடு போன்ற தொகுப்பில் ஒரு மரபணுவின் தொடக்கமும் முடிவும் என்று இரண்டு எண்கள் இருக்கும். அதற்குரிய ஆர்.என்.ஏ. படிகளில் மிக முன்னால் தொடங்குவதும் மிகப் பின்னால் முடிவதும் எவையோ, அவையே அந்த எண்கள். எங்கோ ஓர் ஆய்வகம் கொஞ்சம் நீளமான படி ஒன்றைக் கண்டுபிடித்தால், அடுத்த பதிப்பில் மரபணு நீண்டுவிடும். அதன் டி.என்.ஏ.யில் எதுவும் மாறியிருக்காது. இதைக் கண்டதும் சில மாணவர்கள் துள்ளிக் குதித்து, அப்படியானால் மரபணு என்ற ஒன்றே இல்லை என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மேடையில் சொல்லக் கவர்ச்சியாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சி.92+5-இல் உள்ள எழுத்து நிஜம், அது செய்யும் தீங்கும் நிஜம். மரபணு என்று சொல்லும்போது வேறுபாட்டைச் சொல்கிறோமா, படியெடுக்கப்படும் பகுதியைச் சொல்கிறோமா, விளைபொருளைச் சொல்கிறோமா என்பதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். நல்ல ஆய்வுக்கட்டுரைகளில் அதைத்தான் செய்கிறார்கள், பெரும்பாலும் அறிவிக்காமல்.

காஸ்ஜெவி என்ற சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர் அரிவாள் இரத்தச் சோகைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனிலும், டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. மரபணுத் திருத்தம் என்று செய்தித்தாள்கள் எழுதின. நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே பதிவான நோய் இது. பீட்டா குளோபினின் ஆறாவது குறியீட்டில் ஜிஏஜி, ஜிடிஜி ஆவதால் வருகிறது. நோய் பதினோராவது குரோமோசோமில். சிகிச்சையில் வெட்டுவதோ இரண்டாவது குரோமோசோமில். அங்கே பி.சி.எல்.11ஏ என்ற மரபணு, பிறப்புக்குப் பின் கருக்கால ஹீமோகுளோபினை அணைத்து வைக்கும் புரதத்தைத் தருகிறது. அந்தப் புரதத்துக்கான எழுத்துகளை வெட்ட முடியாது, ஏனென்றால் நோயெதிர்ப்புச் செல்களுக்கும் மூளைக்கும் அது வேண்டும். எனவே அதன் இன்ட்ரான் ஒன்றுக்குள், சிவப்பணு மரபில் மட்டும் அதை இயக்கும் ஒரு சிறு தூண்டும் பகுதி இருக்கிறதே, அதை மட்டும் வெட்டுகிறார்கள். சிவப்பணுவில் அணைப்பான் தளர்கிறது, கருக்கால ஹீமோகுளோபின் திரும்ப வருகிறது, நோயாளி எழுந்து நடமாடுகிறார்.

பீட்டா குளோபினின் அந்தப் பிழையான எழுத்தை யாரும் தொடவில்லை. எலும்பு மஜ்ஜையின் செல்களை மட்டுமே வெளியே எடுத்துத் திருத்தித் திரும்ப ஏற்றுவதால், சிகிச்சை பெற்றவருக்கு நாளை ஒரு குழந்தை பிறந்தால், அதற்குப் போய்ச்சேருவது பழைய ஜிடிஜிதான்.